சாலைக் கடைத்தெருவின் பழம்படங்கள்: கணிப்பொறி துலக்குவதும் புனைவதும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த வாணிகத் தெருவாகும். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்த அதே நிர்வாகியின் கைவண்ணமே இதுவும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ் வணிகர் பலர் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துள்ளனர். தமிழும் மலையாளமும் ஒரே பேரத்திற்குள் கலந்து ஒலிக்கும் இத்தெருவின் வாழ்வை, இங்கேயே கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021) தம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் பதிவு செய்திருக்கிறார்.

இத்தெருவின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகும் மாணவர், சொல்லால் ஆன சான்றுகளோடு உருவச் சான்றுகளையும் நாட வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றிய சக்கரியாஸ் டிக்ரூஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தின் காட்சிகளைப் படமாக்கினார். அவருடைய படங்களின் தொகுப்பு ஒன்று கர்சன் பிரபுவின் சேகரிப்பின் பகுதியாக இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பழைய கடைகளின் சுவர்களில் நிறுவியவரின் உருவப்படம் கண்ணாடிச் சட்டத்துள் மங்கிக்கிடப்பதை எவரும் காணலாம். இவை இரண்டினும் பெரியது மூன்றாவது மூலம். சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியில் அமைந்துள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில், சுருணை எனப்படும் ஓலைக் கட்டுகளாகத் திருவிதாங்கூரின் நில வரி, கோயில் வரவு செலவு, அரசு ஆணைகள் முதலியவை அடுக்கப்பட்டுள்ளன.

ஆராய்ச்சியாளர் கைக்கு வருவது பெரும்பாலும் மூலமன்று, மூலத்தின் படம். அதுவும் பழைய மைக்ரோபிலிமின் நகலாகவோ, கணிப்பொறி நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில் சிக்கனமாக எடுக்கப்பட்ட சிறு அளவுப் படமாகவோ இருக்கும். இவ்வாறு மங்கிய படத்தைக் கணிப்பொறியில் இட்டுச் சில நொடிகளில் துலக்கமாகவும் பெரிதாகவும் ஆக்கித் தரும் கருவிகள் இப்போது கைப்பேசியில்கூடக் கிடைக்கின்றன. அவற்றுள் மிகத் திறமையானவை டிஃப்யூஷன் மாடல் என்ற வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரையில் அதனை விரவல் மாதிரி என்போம். அது எவ்வாறு இயங்குகிறது, அது தரும் படத்தை ஓர் அலுவலகமோ ஆய்வாளரோ எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இழந்தது எவ்வளவு?

கணிப்பொறிப் படம் என்பது சிறு சதுரங்களாகிய படப்புள்ளிகளின் கட்டமாகும். கறுப்பு வெள்ளைப் படமாயின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். நீளத்தில் 64 புள்ளியும் அகலத்தில் 64 புள்ளியும் கொண்ட படத்தில் 4,096 எண்கள் உள்ளன. அதனை இரு திசையிலும் நான்கு மடங்கு பெரிதாக்கினால் 65,536 எண்கள் தேவை. ஆகவே விளையும் படத்தில் பதினாறில் ஒரு பங்கு எண்களுக்கே நம்மிடம் மூலச் செய்தி உண்டு. எஞ்சிய பதினைந்து பங்கும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

இதனை இன்னும் சிறிய அளவில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சுருக்கி அவற்றின் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டோம் எனக் கொள்வோம். சராசரி 100. அந்த நான்கு எண்கள் யாவை? கூட்டுத்தொகை 400 ஆகும்படி 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களை வரிசையாக அமைக்க 87,52,741 வழிகள் உள்ளன. நான்கே புள்ளிகளுக்கு ஏறக்குறைய எண்பத்தேழரை லட்சம் விடைகள்! இவற்றுள் எது உண்மை என்பதைச் சராசரி சொல்லாது. எந்தக் கணிதமும் அந்த ஓர் எண்ணிலிருந்து அதனைப் பிழிந்தெடுக்க இயலாது.

தேர்வு செய்ய வேண்டுமாயின் வெளியிலிருந்து ஓர் அறிவு வேண்டும். உலகத்தில் படங்கள் பொதுவாக எப்படி இருக்கின்றன என்பதே அவ்வறிவு. சுவரின் விளிம்பு நேராக ஓடும், முகத்தில் இரு கண்கள் இருக்கும், துணியில் இழை ஒழுங்காக வரும் என்று நாம் அறிவோம். பெருக்கும் முறைகள் அனைத்தும் இவ்வறிவை ஏதோ ஒரு வகையில் கடன் வாங்குபவையே. கடன் கொடுத்தவர் யார், எந்த நாட்டுப் படங்களிலிருந்து அவ்வறிவு சேர்ந்தது என்பது பின்னர் நமக்கு மிக முக்கியமாகும்.

சராசரியின் மங்கல்

பழைய முறை அண்டைப் புள்ளிகளின் சராசரியை இடையில் நிரப்புவது. அது எதையும் புனைவதில்லை. ஆனால் எதையும் துலக்குவதுமில்லை. 2014ஆம் ஆண்டளவில் நரம்பு வலையமைப்பு எனப்படும் கணிப்பொறி அமைப்புகளுக்கு, சிறிய படமும் அதன் பெரிய மூலமுமாகப் பல்லாயிரம் இணைகளைக் காட்டிப் பயிற்றும் முறை வந்தது. பொருளாதாரம் பயின்றோர் இதனைப் பெரியதொரு ரிக்ரஷன் கணக்கு என்றே கொள்ளலாம். பிழைகளின் வர்க்கத்தைக் குறைந்த அளவாக்குவதே நோக்கம்.

இங்குதான் ஒரு சிக்கல் எழுந்தது. வர்க்கப் பிழையைக் குறைக்கும் விடை எப்போதும் சராசரியே என்பதை நாம் முதலாண்டுப் புள்ளியியலிலேயே படித்திருக்கிறோம். ஒரு மங்கிய இடத்தில் கோடு சற்று இடப்புறமாகவும் இருந்திருக்கலாம், வலப்புறமாகவும் இருந்திருக்கலாம் என்றால், வலையமைப்பு இரண்டின் சராசரியை வரைந்து ஒரு சாம்பல் பூச்சைத் தருகிறது. கணக்கின்படி அதுவே சிறந்த விடை. கண்ணுக்கு அது மங்கல். இக்குறையைப் போக்க, படம் வரையும் வலையமைப்பு ஒன்றும் அது மெய்யா பொய்யா என்று துப்பறியும் வலையமைப்பு ஒன்றுமாக இரண்டை மோதவிடும் முறையை 2017 முதல் இத்துறைக்குக் கொணர்ந்தனர். படங்கள் கூர்மையாயின. ஆயினும் பயிற்சி நிலையற்றதாயிருந்தது. அதன்பின் வந்ததே விரவல் மாதிரி.

மையும் நீரும்

தெளிந்த நீரில் ஒரு துளி மையை விடுகிறோம். முதலில் துளியின் உரு தெரிகிறது. சிறிது நேரத்தில் இழைகளாகப் பிரிகிறது. இறுதியில் நீர் முழுவதும் ஒரே சாயலாகிவிடுகிறது. இயற்பியலார் இதனை விரவல் என்பர். 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோல்-டிக்ஸ்டைன் முதலியோர், வெப்ப இயக்கவியலிலிருந்து இக்கருத்தைக் கணிப்பொறிப் பயிற்சிக்குக் கொண்டுவந்தனர். 2020இல் பெர்க்லியில் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகியோர் அதனை எளிமையாக்கி நல்ல படங்களை விளைவித்துக் காட்டிய பின்னரே அது பரவலாயிற்று.

முறை இதுதான். ஒரு நல்ல படத்தை எடுத்துக்கொண்டு அதன்மீது சிறிது இரைச்சலைத் தூவுகின்றனர். இரைச்சல் என்றால் மணி வடிவ வளைவின்படி எழுந்தமானமாக எடுத்த எண்கள். மீண்டும் சிறிது, மீண்டும் சிறிது என 1,000 படிகளில் தூவினால், இறுதியில் படம் அடியோடு மறைந்து வெறும் இரைச்சல் மிஞ்சுகிறது. இப்பாதி எளிது, இதற்கு அறிவு எதுவும் தேவையில்லை. அடுத்து, இடைப்பட்ட ஏதோ ஒரு படியிலுள்ள படத்தை வலையமைப்பிடம் காட்டி, இதில் தூவப்பட்ட இரைச்சல் எது என்று கேட்கின்றனர். அது சொல்லும் விடைக்கும் உண்மையில் தூவியதற்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தைக் குறைப்பதே பயிற்சி. கோடிக்கணக்கான படங்களில் இவ்வாறு பயின்ற வலையமைப்பு, எந்தப் படியிலும் இரைச்சலைப் பிரித்தறியும் திறனை அடைகிறது.

பின்னர் திசையை மாற்றுகின்றனர். வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, படிப்படியாக இரைச்சலைக் கழித்துக்கொண்டே வந்தால் முன்னெப்போதும் இல்லாத ஒரு படம் உருவாகிறது. கலங்கிய நீரிலிருந்து மைத்துளி மீண்டும் திரள்வதைப் போன்றது அது. திரளும் துளி முன்பு கலந்த அதே துளியாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை என்பதை மாணவர் இங்கேயே குறித்துக்கொள்வது நன்று.

பழம்படத்தைத் துலக்குவதற்கு, ஒவ்வொரு படியிலும் மங்கிய படத்தையும் வலையமைப்புக்குத் துணையாகக் காட்டுகின்றனர். 2021இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை ஒன்றில், பக்கத்திற்கு 16 புள்ளிகள் கொண்ட முகப்படத்தை 128 புள்ளிகள் கொண்டதாகப் பெருக்கினர். 256 எண்களிலிருந்து 16,384 எண்கள். அதாவது 64 மடங்கு. விளைந்த படத்தையும் மெய்ப்படத்தையும் அருகருகே காட்டி எது கேமரா எடுத்தது என்று கேட்டபோது, மக்களின் விடை ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்த்தது போலவே இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகக் குழுவினர், படத்தை நேரடியாகக் கையாளாமல் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிய குறியீட்டு வடிவில் இதே வேலையைச் செய்து செலவைப் பெரிதும் குறைத்தனர். 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் இதன் விளைவே. 2023 முதல் சிதைந்த படங்களைச் சீர்செய்வதற்கென்றே அதன்மீது பல கருவிகள் கட்டப்பட்டுள்ளன.

கூர்மைக்கு விலை

சராசரி தரும் வலையமைப்புக்கும் விரவல் மாதிரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு மங்கிய இடத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. இருந்தால் 1, இல்லாவிடில் 0 என்க. சராசரி முறை 0.5 என்று விடையளிக்கிறது. உண்மை எதுவாயினும் அதன் வர்க்கப் பிழை 0.25. விரவல் மாதிரி சாத்தியமான விடைகளுள் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பது போன்று 1 என்றோ 0 என்றோ திட்டவட்டமாகச் சொல்கிறது. பாதி வேளைகளில் அது சரி, பிழை 0. மறுபாதியில் தவறு, பிழை 1. சராசரிப் பிழை 0.5. அதாவது இரு மடங்கு.

இது தற்செயலன்று. சாத்தியக்கூறுகளின் பரவலிலிருந்து ஒரு மாதிரியைச் சரியாக எடுத்தால் வர்க்கப் பிழை சராசரி முறையினதைப் போல் இரு மடங்காகும் என்பது பொது விதி. படம் எந்த அளவுக்கு இயற்கையாகத் தோன்ற வேண்டுமோ அந்த அளவுக்கு மூலத்திலிருந்து விலக நேரும் என்பதை இஸ்ரேலின் டெக்னியோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிளாவ், மிக்காயெலி ஆகியோர் 2018இல் கணிதமாக நிறுவினர். ஆகவே கண்ணுக்கு இனிய படம் வேண்டுமா, மூலத்திற்கு நெருங்கிய படம் வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனையாளர் இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுவர்.

மங்கல் படத்திற்கு ஒரு நற்குணம் உண்டு. தனக்குத் தெரியாத இடத்தில் அது சாம்பலாக நிற்கிறது. அச்சாம்பலே அறியாமையின் அறிக்கை. விரவல் மாதிரியின் படத்தில் தெரிந்ததும் தெரியாததும் ஒரே கூர்மையுடன் திகழ்கின்றன.

ஓலையில் இல்லாத புள்ளி

மேலே எடுத்துக்கொண்ட கறுப்புப் புள்ளி வெறும் கற்பனை உதாரணமன்று. தமிழ் ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபடும் என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் ஒரே கொம்பு. ரகரத்திற்கும் ஆகாரக் காலுக்கும் ஒரே வடிவம். வீரமாமுனிவரின் சீர்திருத்தமும் பின்னர் அச்சும் இவற்றைப் பிரித்து நிலைப்படுத்தின. இன்றைய அச்செழுத்தைப் பார்த்துப் பயின்ற ஒரு மாதிரியிடம் மங்கிய ஓலைப் படத்தைக் கொடுத்தால், எழுதியவர் ஒருநாளும் இடாத புள்ளியை அது இட்டுத் தரக்கூடும். படம் பார்க்க ஓலையாகவே இருக்கும். எழுத்து மட்டும் வேறு நூற்றாண்டைச் சேர்ந்ததாகிவிடும்.

கணக்கோலைகளில் இது இன்னும் ஆபத்தானது. பழந்தமிழ் எண்களில் ஒன்றின் குறி ககர வடிவம். ஒன்பதின் குறி அதே ககரத்தோடு வால் சேர்ந்த கூகார வடிவம். நான்கு சகரம், ஆறு சுகரம். ஆக ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே, நான்குக்கும் ஆறுக்கும் இடையே, நிற்பது ஒரு சிறு வால்மட்டுமே. ஓலையின் ஓரத்தைப் பூச்சி அரித்தாலோ நிழற்படத்தில் ஒளி தப்பினாலோ முதலில் மறைவது அவ்வால்தான். திருவிதாங்கூர் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். 6 பணம் என்று எழுதிய விலை 4 பணமாகப் படிக்கப்பட்டால் 24 சக்கரம் 16 சக்கரமாகிவிடுகிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போகிறது. இவ்வாறு நான்கைந்து பதிவுகள் புகுந்தால், அரிசி விலை ஓராண்டில் வீழ்ந்து மறுவாண்டில் எழுந்ததாக ஒரு வாணிகச் சுழற்சியையே ஆய்வாளர் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு வறட்சி, போர், துறைமுகம் என்று காரணங்களும் எளிதில் கிடைக்கும்.

கோட்டைக் காப்பகத்து ஓலைகளில் தமிழும் மலையாளமும் மட்டுமல்லாமல் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய வரிவடிவங்களும் பயில்கின்றன. விரவல் மாதிரிகளைப் பயிற்றப் பயன்பட்ட பெரும் தொகுப்புகளில் ஒன்றான லயான் 2022இல் வெளிவந்தது; இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களும் அவற்றின் விளக்கச் சொற்களும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கடலில் கோலெழுத்து எத்தனை துளி என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். மேலும், எட்டில் ஒன்றாகச் சுருக்கும் குறியீட்டு முறையில் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டம் ஒன்று ஒரே இடத்தில் அடங்குகிறது. சிறு எழுத்தின் வாலும் சுழியும் விரவல் தொடங்கும் முன்னரே இச்சுருக்கத்தில் நசுங்கிவிட வாய்ப்புண்டு.

இடையே ஒரு செய்தி. சாலைக்கு அண்மையிலுள்ள வலியசாலைப் பகுதியையே சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை என்பர் சிலர். வேறிடம் என்பாரும் உளர். ராஜராஜன் அங்கு அறுத்ததாகச் சொல்லப்படும் கலம் மரக்கலமா, உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இதுபற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். அங்கே எழுத்தில் ஐயமில்லை. கல்லில் தெளிவாக வெட்டப்பட்ட மூன்றெழுத்துச் சொல்லின் பொருளுக்கே இத்தனை வாதம் என்றால், எழுத்தே கணிப்பொறியின் ஊகமாக இருக்கும் ஆவணத்தை வைத்துக்கொண்டு என்ன வாதிடுவது?

உலக அனுபவம்

இயந்திரம் மங்கலை நீக்கும்போது எண்ணை மாற்றிவிடும் என்பது விரவல் மாதிரிக்கு முன்பே கண்ட உண்மை. 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணிப்பொறியாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுப்பு இயந்திரங்கள் ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவை மாற்றி அச்சிட்டதைக் கண்டறிந்து வெளியிட்டார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை 14.13 ஆகிவிட்டிருந்தது. இடத்தைச் சிக்கனப்படுத்த, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டும் சுருக்க முறையே காரணம். எண்கள் மங்கியிருந்தால் எவரேனும் ஐயுற்றிருப்பர். அவை கூர்மையாக இருந்ததால்தான் எவரும் ஐயுறவில்லை. பின்னர் அந்நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது.

2020 ஜூனில் பரவலாகப் பேசப்பட்ட மற்றொரு நிகழ்ச்சியில், அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமாவின் மங்கிய சிறு படத்தை டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கருவி ஒன்று ஒரு வெள்ளையரின் முகமாகத் துலக்கிக் காட்டியது. அக்கருவி விரவல் வகையன்று, அதற்கு முந்தையது. ஆனால் காரணம் இரண்டுக்கும் பொது. பயிற்சியில் மிகுதியாகக் கண்ட முகத்தையே மாதிரி ஊகிக்கிறது. விளைந்த முகத்தை மீண்டும் சுருக்கிப் பார்த்தால் அதே மங்கிய படம் கிடைத்தது என்பதுதான் இதில் கற்க வேண்டியது. சுருக்கிப் பார்த்துச் சரிபார்க்கும் சோதனை தேவையானதே. ஆனால் எண்பத்தேழரை லட்சம் விடைகளும் அச்சோதனையில் தேறும் என்பதை முன்பே கண்டோம். சாலைக் கடையொன்றின் சுவரில் மங்கியிருக்கும் பாட்டனார் படத்தைத் துலக்கினால், பேரனுக்கு அறிமுகமில்லாத ஒருவர் சட்டத்துள் வந்து அமரக்கூடும்.

2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டி நீதிமன்றம், கொலை வழக்கு ஒன்றில் செயற்கை நுண்ணறிவால் துலக்கிய காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்தது. தடயவியல் காணொளி வல்லுநர்களிடையே அம்முறை ஏற்கப்படவில்லை என்பதும் அது இயங்கும் விதம் வெளிப்படையாக இல்லை என்பதும் நீதிபதியின் கருத்து. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துடன் சான்றிதழும், அக்கோப்பிலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் எண்ணும் இணைக்கப்பட வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் எண் மாறிவிடும். துலக்கிய படத்தின் ஹாஷ் எண் மூலப் படத்தினுடையதாக இருக்கவே முடியாது. ஆகவே காப்பகங்களும் பதிவுத் துறையினரும் மூலக் கோப்பை அழித்துவிட்டுத் துலக்கியதை மட்டும் வைத்துக்கொள்வது, சட்ட நோக்கில் சான்றையே இழப்பதாகும். நினைவகச் செலவை மிச்சப்படுத்த இவ்வாறு செய்யும் ஆசை அலுவலகங்களில் எழாமல் இராது.

சுவடிப் பதிப்பாளரின் வழி

ஊகம் தவறென்பது பொருளன்று. திருவனந்தபுரம் ஊகத்தை முறையாகக் கையாண்ட ஊர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து இங்கு பணியாற்றிய மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரி, பாசனுடையவை என்று தாம் கருதிய வடமொழி நாடகங்களை ஓலைகளிலிருந்து எடுத்து 1912 முதல் பதிப்பித்தார். கௌடலீயரின் அர்த்தசாஸ்திரத்தையும் 1924–25இல் உரையுடன் வெளியிட்டார். அவர் உருவாக்கிய தொகுப்பின் வழிவந்ததே இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் காரியவட்டத்தில் இயங்கும் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமும் சுவடி நூலகமும். சுவடிப் பதிப்பில் சிதைந்த இடத்திற்குப் புள்ளிகள் இடப்படும். பதிப்பாளர் ஊகித்த எழுத்து அடைப்புக்குறிக்குள் நிற்கும். வேறு சுவடியின் பாடம் அடிக்குறிப்பில் தரப்படும். எது ஏட்டினுடையது, எது தம்முடையது என்பதை வாசகர் பிரித்தறிய இம்மரபு வழிசெய்கிறது. விரவல் மாதிரி தரும் படம், அடைப்புக்குறி இல்லாமல் அச்சிட்ட ஊகப் பாடத்தைப் போன்றது.

அடைப்புக்குறியை மீண்டும் கொண்டுவர ஒரு வழி உண்டு. விரவல் எழுந்தமான இரைச்சலிலிருந்து தொடங்குவதால், தொடக்க எண்ணை மாற்றி அதே மங்கிய படத்தை இருபது முறை துலக்கினால் இருபது படங்கள் கிடைக்கும். ஓலையின் விளிம்பும் ஆழக் கீறிய எழுத்தும் இருபதிலும் ஒன்றாகவே இருக்கும். ஐயத்திற்குரிய வால் பதினொன்றில் இருக்கும், ஒன்பதில் இராது. புள்ளிக்குப் புள்ளி இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு, மாறும் இடங்களை வேறு நிறத்தால் காட்டினால், எங்கே மாதிரி புனைகிறது என்பது வெளிப்படும். ஒன்றை எச்சரிக்க வேண்டும். இருபதும் ஒத்துப்போனால் அது உண்மை என்று பொருளாகாது; மாதிரி ஒரே தப்பெண்ணத்தை இருபது முறை கூறியிருக்கவும் கூடும். இல்லாத மெய்ப்புள்ளியை இருபதிலும் இடுவது அத்தகையது.

பயனுள்ள இடங்களும் உண்டு. பொருட்காட்சிக்கும் பாடநூல் அட்டைக்கும், டிக்ரூஸின் காலத்துத் தெருக்காட்சியைப் பெரிதாக்கிச் சுவரில் பதிக்கவும், துலக்கிய படம் என்ற குறிப்புடன் இம்முறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அப்படத்தில் கடைப் பெயர்ப்பலகை எதுவும் தெளிவாகத் தெரிந்தால் அதனைப் படித்துவிடாமல் இருப்பது நல்லது! திரைப்படத் துறையில் நிலைமை சற்று வேறு. ஜி. அரவிந்தனின் 1978ஆம் ஆண்டுப் படமான தம்பு சீரமைக்கப்பட்டு 2022இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அதன் மூல நெகடிவ் கிடைக்காத நிலையில் புணேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பிரதியிலிருந்தே பணி நடந்தது. சலனப்படத்தில் ஒரு கட்டத்தில் விழுந்த கீறலை முன்னும் பின்னும் உள்ள கட்டங்களிலிருந்து நிரப்ப இயலும். அங்கே நிரப்புவது ஊகமாயினும் அதற்கு அதே படத்துள் சாட்சி இருக்கிறது. ஒற்றை ஓலைக்கு அத்தகைய அண்டைச் சாட்சி இல்லை.

செலவுக் கணக்கு

மத்திய அமைச்சரவை 2024 மார்ச் 7 அன்று ஒப்புதல் அளித்த இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்திற்கு ரூ. 10,371.92 கோடி ஒதுக்கீடு. பதினாயிரத்திற்கு மேற்பட்ட ஜிபியு எனும் கணிப்பு அலகுகளை ஆய்வாளர்க்குக் கிடைக்கச் செய்வது அதன் ஓர் அங்கம். சுவடிகளுக்கென 2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கப்பட்டது. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. கணிப்பு வலிமையும் சுவடிகளும் ஒரே காலத்தில் அரசின் கவனத்தைப் பெற்றிருப்பதால், இரண்டையும் இணைக்கும் திட்டங்கள் எழுவது இயல்பே.

அத்திட்டங்களை ஆராயும் அதிகாரி முதலில் கேட்க வேண்டிய வினா, மூல ஓலை இன்னும் இருக்கிறதா என்பது. இருக்குமாயின் மங்கிய பழைய படத்தைத் துலக்குவதில் ஒரு ரூபாய்கூடச் செலவிடத் தேவையில்லை. ஓலையைப் புல்தைலத்தால் துடைத்து, கோவையிலைச் சாறும் விளக்குக்கரியும் கொண்டு மையூட்டி, பக்கவாட்டு ஒளியில் மீண்டும் படமெடுத்தால் கிடைக்கும் வால், மெய்யான வால். கணிப்பு அலகுகளுக்குப் பதிலாகச் சுவடி பேணும் பணியாளருக்கும் வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்கவல்ல இளைஞருக்கும் அத்தொகை செல்லட்டும். இத்தகைய வாசகர்கள் குறைந்துவருவது இத்துறையில் எவரும் மறுக்காத உண்மை. மூலம் அழிந்து படம் மட்டுமே எஞ்சிய இடத்தில்தான் விரவல் மாதிரிக்கு உண்மையான வேலை உண்டு.

அவ்வேலைக்கும் கடையில் கிடைக்கும் பொது மாதிரி உதவாது. ஓலைகளிலேயே பயின்ற மாதிரி வேண்டும். அதற்கான பயிற்சிப் பொருளை உண்டாக்கும் வாய்ப்பு சாலைக்கு அருகிலுள்ள அந்தக் காப்பகத்திற்கே இருக்கிறது. மையூட்டும் முன் ஒரு படமும் மையூட்டிய பின் அதே ஓலையின் ஒரு படமும் எடுத்துவைத்தால், மங்கியதும் தெளிந்ததுமாக மெய்யான இணைகள் பாதுகாப்புப் பணியின் ஊடாகவே சேர்ந்துவிடும். 1988இல் கேரள அரசு நிறுவிய சி-டிட் போன்ற படத்தொழில் நுட்ப நிறுவனங்கள் இதே நகரில் உள்ளன. இணைகளில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குத் தராமல் தனியே ஒதுக்கி, தேர்ந்த சுவடி வாசகர் ஒருவர் அவற்றின் எண்களை முன்கூட்டியே படித்து எழுதி உறையிலிட்டு வைக்க வேண்டும். மாதிரி துலக்கிய படத்திலிருந்து மற்றொருவர் படித்த எண்களை அதனோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை எண் மாறியது, அவற்றுள் எத்தனை மாற்றம் ஐயக்குறி இல்லாத இடத்தில் நிகழ்ந்தது என்று கணக்கிட வேண்டும். ஒப்பந்தத்தில் தரத்தின் அளவுகோலாக எழுத வேண்டியவை இவ்விரு எண்களே. படத்தின் அழகை மதிப்பிடும் குறியீடுகளை ஒப்பந்ததாரர் தம் விளம்பரத்தில் வைத்துக்கொள்ளலாம்.